பார்லிக்குள் பேரிக்காய் எப்படி வந்தது? ஸ்காட்ச் ருசிக்கவும் குறிப்பெழுதவும் தொடங்குபவர்களுக்கு

ஸ்காட்ச் விஸ்கி விமர்சனம் ஒன்றை முதன்முதலாகப் படிப்பவருக்கு, எழுதியவர் மூன்றாவது பெக்கைத் தாண்டிவிட்டாரோ என்ற சந்தேகம்தான் முதலில் வரும். "மூக்கில் பேரிக்காய், வெனிலா, கொஞ்சம் ஈரக் கயிறு. வாயில் தேன், இஞ்சி, ஆஸ்பத்திரிப் பஞ்சு. கடைசியில் அணைத்த விறகடுப்பு." இப்படித்தான் இருக்கும் பல குறிப்புகள். மால்ட் விஸ்கிக்குள் போவதோ பார்லி, தண்ணீர், ஈஸ்ட் மூன்றும்தான். பேரிக்காயும் பஞ்சும் எங்கிருந்து வந்தன?

கதை விடுபவர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒழுங்காக எழுதப்பட்ட விமர்சனத்தில் வரும் பெரும்பாலான வாசனைகளுக்கு வேதியியல் காரணம் உண்டு. எந்த வாசனை எந்தக் கட்டத்தில் சேர்கிறது என்று தெரிந்தால், கிளாஸில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது சுலபம். கண்டுபிடிக்க முடியாதபோது ஏன் இல்லை என்று யோசிக்கவும் முடியும். அதனால் கிளாஸைத் தொடும் முன் வடிசாலைக்குள் ஒரு சுற்று போய் வருவோம்.

வாசலில் சட்டம் நிற்கிறது. ஸ்காட்லாந்தில் வடித்து, ஸ்காட்லாந்திலேயே, 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் கிடந்தால்தான் அது ஸ்காட்ச். பாட்டிலில் ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. தண்ணீரையும் நிறத்துக்கான கேரமலையும் தவிர வேறெதையும் சேர்க்கக் கூடாது. 2009-ஆம் ஆண்டு விதிமுறைகள் இதையெல்லாம் அச்சரம் பிசகாமல் சொல்கின்றன. (மொலாசஸ் ஸ்பிரிட் கலந்த நம் ஊர் மலிவு விஸ்கிகளை ஐரோப்பாவில் விஸ்கி என்ற பெயரிலேயே விற்க முடியாது.) ஒரே வடிசாலையில், முளைவிட்ட பார்லியை மட்டும் கொண்டு, செப்புக் கொப்பரையில் வடித்தது சிங்கிள் மால்ட். ஒரே வடிசாலை என்றுதான் பொருள், ஒரே பீப்பாய் என்று அல்ல. ஒரு சாதாரண சிங்கிள் மால்ட் பாட்டிலுக்குள் நூற்றுக்கணக்கான பீப்பாய்களின் சரக்கு கலந்திருக்கலாம். இந்த மால்ட்டுகளோடு கோதுமையிலோ மக்காச்சோளத்திலோ வடித்த கிரெயின் விஸ்கியைச் சேர்த்தால் பிளெண்டட் ஸ்காட்ச். ஏர்போர்ட் கடைப் பையில் நம் வீடுகளுக்கு வந்து சேரும் பாட்டில்கள் பெரும்பாலும் இந்த வகைதான்.

லேபிளில் 12 என்றிருந்தால், உள்ளே இருப்பதில் மிக இளையதற்கு 12 வயது என்று அர்த்தம். பாட்டிலில் அடைத்த பிறகு வயது ஏறாது. 1990-ல் யாரோ கொடுத்து, பீரோவுக்குள் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் 12 வருட ஸ்காட்ச் இன்றைக்கும் 12 வருட ஸ்காட்ச்தான்.

வாசனை சேரும் இடங்கள்

பார்லியை நனைத்து முளைக்கவிட்டு, சரியான நேரத்தில் சூடு காட்டி முளையை நிறுத்துவார்கள். அந்தச் சூட்டுக்கு எதை எரிக்கிறார்கள் என்பதில் முதல் வாசனை தொடங்குகிறது. மேற்குக் கரையோரம் உள்ள ஐலா தீவில் மரம் குறைவு. சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான வருடங்களாக மக்கிக் கிடக்கும் பாசியும் புல்லும் புதரும் சேர்ந்த பீட் என்ற கறுப்பு மண்ணை வெட்டிக் காயவைத்து எரிப்பது அங்கே பழைய வழக்கம். அந்தப் புகையில் உள்ள பீனால்கள் ஈரப் பார்லியில் ஒட்டிக்கொள்ளும். அவற்றில் குவாயக்கால் என்பது விறகுப் புகையின் வாசனை. கிரெசால் என்பது டெட்டால், பேண்டேஜ் பக்கத்து வாசனை. ஆஸ்பத்திரிப் பஞ்சு வந்த வழி இதுதான்.

புகையின் அளவைப் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு பீனால் என்று சொல்வார்கள். ஐலாவின் லஃப்ரோய்க் வடிசாலையில் 40-க்குச் சற்று மேல், ஆர்ட்பெக் வடிசாலையில் 55-ஐ ஒட்டி. பெருமையாகச் சொல்லப்படும் இந்த எண் மால்ட்டில், அதாவது காய்ந்த முளைப் பார்லியில் அளந்தது, பாட்டிலில் அளந்தது அல்ல. வடித்து, பீப்பாயில் வருடக்கணக்கில் கிடந்து வெளியே வருவதற்குள் அது கணிசமாகக் குறைந்துவிடும். ஆகவே எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம்.

பழ வாசனைகளில் பெரும்பகுதி ஈஸ்ட்டின் வேலை. அரைத்த மால்ட்டில் வெந்நீர் ஊற்றி அதன் இனிப்பை இறக்கி, ஈஸ்ட் போட்டு இரண்டு மூன்று நாள் நொதிக்க விடுகிறார்கள். ஈஸ்ட் ஆல்கஹாலை மட்டும் உண்டாக்குவதில்லை, எஸ்டர்கள் என்ற வாசனைப் பொருள்களையும் உண்டாக்குகிறது. ஐசோஅமைல் அசிடேட் அவற்றில் ஒன்று. வாழைப்பழத்துக்கு அதன் வாசனையைத் தருவதும் இதே மூலக்கூறுதான். ஆக, விஸ்கியில் வாழைப்பழம் என்று ஒருவர் எழுதினால் அது உவமையே அல்ல, பெரும்பாலும் நேரடிச் செய்தி. பேரிக்காய், ஆப்பிள் எல்லாம் இதே குடும்பம். அவசரமாக இரண்டு நாளில் முடிக்காமல் நாலைந்து நாள் விட்டால் பழவாசனை கூடும்.

அடுத்து செம்பு. நொதித்த கஷாயத்தை வழக்கமாக இரண்டு முறை வடிக்கிறார்கள். ஆவி செம்பில் பட்டுப் பட்டு மேலேறும்போது கந்தக நாற்றம் கழிகிறது. கொப்பரையின் கழுத்து உயரமாக இருந்தால் கனமான ஆவி பாதி வழியிலேயே குளிர்ந்து திரும்ப விழுந்துவிடும். லேசானது மட்டும் தாண்டி வரும். கிளென்மோரஞ்சியின் கொப்பரைகள் 5 மீட்டருக்கு மேல் உயரம், ஸ்காட்லாந்திலேயே மிக உயரமானவை. அங்கே வருவது பூவும் பழமுமான மெல்லிய சரக்கு. மெக்காலன் கொப்பரைகள் குட்டையானவை; வாயில் எண்ணெய்ப் பசையோடு கனத்து நிற்கும் சரக்கு வருகிறது. வடிப்பவர் எந்த இடத்தில் நிறுத்துகிறார் என்பதும் முக்கியம். புகை வாசனைப் பொருள்கள் வடிப்பின் பின்பகுதியில்தான் அதிகம் வருகின்றன. கொஞ்சம் முந்தி நிறுத்தினால் சுத்தமான சரக்கு, கொஞ்சம் தாமதித்தால் புகை கூடிய சரக்கு.

பிறகு பீப்பாய். ருசியில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். அமெரிக்கச் சட்டப்படி பர்பன் விஸ்கியை உள்பக்கம் கருக்கிய புத்தம்புது ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய் அவர்களுக்கு பர்பனுக்கு உதவாது. அது கப்பலேறி ஸ்காட்லாந்துக்கு வருகிறது. அந்த மரத்தின் லிக்னின் சிதைந்து வெனிலின் ஆகிறது, லேக்டோன் என்ற பொருள் தேங்காய் வாசனை தருகிறது. ஐஸ்கிரீமில் வருகிற அதே வெனிலா, அதே தேங்காய். ஸ்பெயினின் ஷெர்ரி ஒயின் ஊறிய பீப்பாய் என்றால் உலர்திராட்சை, பேரீச்சை, அத்தி, கிராம்பு என்று கறுத்த பக்கம் போகும். கிளென்ஃபார்க்ளஸ் இந்தப் பாணிக்குப் பேர்போனது.

பீப்பாய்க்குள் இருப்பது வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது. இதற்கு அங்கே தேவதைகளின் பங்கு என்று பெயர். பெங்களூரில் அம்ருத் வடிசாலையில் இந்தப் பங்கு பத்து சதவீதத்தைத் தாண்டும். அங்கே 18 வருடம் வைத்தால் பீப்பாயில் பெரும்பகுதி தேவதைகளுக்குத்தான். நம் பக்கத்து மால்ட்டுகள் இளமையிலேயே பாட்டிலுக்கு வருவது அதனால்தான். வெயிலில் மரமும் சரக்கும் வேகமாகக் கலப்பதால் வயதை வைத்து மட்டும் ஒப்பிடுவதும் சரியில்லை.

வட்டாரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பேசைட், ஹைலேண்ட், லோலேண்ட், ஐலா, கேம்பல்டவுன் என்று சட்டம் ஐந்தைச் சொல்கிறது. ஸ்பேசைட் என்றால் பழம், ஐலா என்றால் புகை என்ற வாய்ப்பாட்டைப் பரப்பியதில் 1988-ல் வெளிவந்த கிளாசிக் மால்ட்ஸ் என்ற ஆறு பாட்டில் வரிசைக்குப் பெரிய பங்கு உண்டு. விற்பனைக்கு நல்ல உத்தி. ஆனால் ஐலாவிலேயே புன்னஹாவனின் வழக்கமான சரக்கில் புகையே கிடையாது. ஹைலேண்டின் ஆர்ட்மோரில் புகை உண்டு. வட்டாரத்தை வைத்து ருசியைச் சொல்வது, திருநெல்வேலிக்காரர் என்றாலே கையில் அல்வா இருக்கும் என்று நினைப்பது மாதிரி. சில சமயம் இருக்கும்.

கிளாஸும் மூக்கும்

சரி, இனி கிளாஸ். நேராக நிற்கும் அகல டம்ளர் ஐஸ் போட்டுக் குடிக்க வசதி, முகர்வதற்கு உதவாது. வாசனை பரவி ஓடிவிடும். கீழே தொப்பையும் மேலே குறுகலுமாக இருக்க வேண்டும். 2001-ல் வந்த கிளென்கெய்ர்ன் கிளாஸ் இதற்கென்றே செய்தது. அது இல்லையென்றால் சின்ன ஒயின் கிளாஸ் போதும்.

ஒரு ஸ்மால் 30 மில்லி. ருசி பார்க்க அதில் பாதி போதும். ஊற்றிவிட்டுச் சில நிமிடம் சும்மா விடுங்கள். அறையில் ஊதுபத்தி, மல்லிகைப்பூ, அடுப்பில் தாளிப்பு எதுவும் வேண்டாம். வத்தக்குழம்பு சாப்பிட்ட கையோடு உட்காரவும் வேண்டாம். அங்கத்திய குறிப்புகளில் அறை வெப்பத்தில் ருசிக்கவும் என்று இருக்கும். அவர்கள் அறை 20 டிகிரியைச் சுற்றி. மே மாதச் சென்னையில் அதே பாட்டில் 34 டிகிரியில் நிற்கும். ஆல்கஹால் ஆவி முந்திக்கொண்டு மூக்கைத் தாக்கும். ஏசி போட்ட அறையில் கொஞ்ச நேரம் பாட்டிலை வைத்துவிட்டு ஊற்றுவது நல்லது. ஃபிரிட்ஜ் வேண்டாம், குளிர்ந்தால் வாசனை மேலெழாது. ஐஸும் அதனால்தான் கூடாது. குடிப்பதற்கு ஐஸோ சோடாவோ உங்கள் விருப்பம். நான் பேசுவது ருசி பார்ப்பதைப் பற்றி மட்டும்.

நிறத்தை ஒரு பார்வை பார்க்கலாம், ஆனால் நம்ப வேண்டாம். கேரமல் சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. கறுத்திருப்பதால் பழையது, நல்லது என்று எந்த உறுதியும் இல்லை. ஜெர்மனியில் விற்கும் பாட்டிலில் நிறம் சேர்த்திருந்தால் லேபிளில் எழுதியாக வேண்டும். பல இடங்களில் இயற்கை நிறம் என்று பெருமைக்குப் போட்டிருந்தால்தான் தெரியும். விமர்சனத்தில் நிறத்துக்கு மதிப்பெண் கொடுப்பவர்களை நான் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் படிப்பேன்.

முகர்வதில்தான் முக்கால்வாசி வேலையும் முடிகிறது. ஒயினுக்குச் செய்வதுபோல் கிளாஸைச் சுழற்றி மூக்கை உள்ளே நுழைத்து ஆழமாக இழுத்தால், 40 சதவீத ஆல்கஹால் ஆவியில் மூக்கு மரத்துப்போகும், அப்புறம் பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது. கிளாஸை முகவாய்க்குக் கீழே பிடியுங்கள். வாயை லேசாகத் திறந்தபடி மெதுவாக மேலே கொண்டு வாருங்கள். எங்கே முதல் வாசனை தட்டுகிறதோ அங்கே நிறுத்துங்கள். மூச்சைப் பிடித்து இழுக்காமல், பக்கத்து வீட்டில் என்ன சமையல் என்று கவனிக்கிற அளவுக்கு முகர்ந்தால் போதும். கிளாஸை எடுத்துவிட்டு உங்கள் முழங்கை மடிப்பையோ சட்டைக் கையையோ ஒருமுறை முகருங்கள். சொந்த உடம்பு வாசனை மூக்குக்குப் பழகியது என்பதால் அது மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். பிறகு மீண்டும் கிளாஸ். பல பீப்பாய்ச் சரக்கை அளவறிந்து கலக்கும் பிளெண்டர்கள் இந்த முகர்தலை மட்டுமே வைத்து வேலை பார்க்கிறவர்கள். நாள் முழுக்கப் பல பத்து மாதிரிகளைப் பார்க்க வேண்டியிருப்பதால், 20 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் விட்டு முகர்வார்கள், விழுங்குவது அபூர்வம்.

இப்போது வாய். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு எடுங்கள். இனிப்பு தெரியும், எரிச்சல் தெரியும், கொஞ்சம் கசப்பு தெரியும். அவ்வளவுதான். விழுங்கிவிட்டு விரலை எடுத்து மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். வெனிலா, பழம், புகை எல்லாம் திபுதிபுவென்று வந்து சேரும். வாயின் பின்பக்கம் வழியாக வாசனை மூக்குக்கு ஏறுகிறது. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி இதுதான்.

நாக்குக்கென்று இன்றைய அறிவியல் ஒதுக்கியிருப்பது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்ற ஐந்தை. நம் அறுசுவையில் வரும் துவர்ப்பும் கார்ப்பும் அந்தக் கணக்கில் இல்லை. அவற்றைத் தொடுவுணர்ச்சியில் சேர்த்துவிடுகிறார்கள். விஸ்கியைப் பொறுத்தவரை நம் பழைய கணக்கே வசதி. ஓக் மரத்தின் டானின் வாயை உலர்த்தி இழுப்பது துவர்ப்பு, பாக்கு மென்றபின் வருவது. ஆல்கஹாலின் எரிச்சல் கார்ப்பு. மிளகாயின் காரத்தை உணர்கிற அதே நரம்பு ஏற்பியைத்தான் ஆல்கஹாலும் தூண்டிவிடுகிறது. உடம்புச் சூட்டையே சுடுகிற மாதிரி உணர வைக்கிறது. முதல் மிடறில் எரிச்சல் மட்டுமே தெரிவதற்குக் காரணம் அதுதான். அந்த மிடறை வாயைப் பழக்குவதற்கு என்று வைத்துக்கொண்டு, இரண்டாவதிலிருந்து கணக்கெடுங்கள். டால்மோர் வடிசாலையின் பிளெண்டராக இருந்த ரிச்சர்ட் பேட்டர்சன், மூக்கே பல லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்யப்பட்டவர், விஸ்கியை உடனே விழுங்காமல் வாயில் வெகுநேரம் வைத்திருக்கச் சொல்வார். நாக்கின் மேல், கீழ், கன்னத்தின் உள்பக்கம் எல்லாம் பட்டபிறகு விழுங்குங்கள். அல்லது துப்பிவிடுங்கள். நாலைந்து விஸ்கியை ஒரே உட்காரலில் பார்ப்பதானால் துப்புவதுதான் ஒரே வழி. மூன்றாவதுக்கு மேல் எழுதிய குறிப்புகளை மறுநாள் படித்தால் ஏன் என்று புரியும்.

விழுங்கிய பிறகு எது மிஞ்சுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது பின்சுவை. சில விஸ்கிகள் வாயில் இருக்கும்போது ஆர்ப்பாட்டம் செய்துவிட்டு விழுங்கியவுடன் காணாமல் போகும். சில, ஒரு நிமிடம் கழித்து முன்னே இல்லாத கிராம்பையோ கரியையோ கொண்டு வந்து வைக்கும்.

தண்ணீர் சேர்ப்பதில் பெரிய சண்டையே நடக்கும். ராவாக அடிப்பவர்தான் ரசிகர் என்ற வீம்பு நம் ஊரில் மட்டும் இல்லை. வேதியியல் தண்ணீர் பக்கம் சாய்கிறது. 2017-ல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல்சன், ஃபிரீட்மன் என்ற இருவர் கணினி மாதிரி ஒன்றில் குவாயக்கால் எங்கே நிற்கிறது என்று பார்த்தார்கள். ஆல்கஹால் 45 சதவீதம் வரை இருந்தால் அது காற்றைத் தொடும் மேற்பரப்பில் கூடுகிறது. 59 சதவீதத்துக்கு மேல் போனால் ஆல்கஹால் அதைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதாவது பீப்பாய் வலிமையில், தண்ணீர் கலக்காமல் அப்படியே அடைத்து வரும் 58, 60 சதவீதச் சரக்கில் தண்ணீர் விட்டால்தான் சில வாசனைகள் வெளியே வரும். 40 சதவீதத்தில் ஏற்கெனவே தண்ணீர் விட்டுத்தான் அடைத்திருக்கிறார்கள். நாலைந்து சொட்டுக்கு மேல் தாங்காது. முதலில் ராவாக முகர்ந்து ருசித்து எழுதிவிட்டு, டிராப்பரில் சொட்டுச் சொட்டாக விட்டு மறுபடி பாருங்கள். குடிதண்ணீரில் குளோரின் வாசனை இருந்தால் அதுவும் குறிப்பில் ஏறிவிடும், ஜாக்கிரதை.

காலி கிளாஸைக் கழுவ வேண்டாம். மேலே ஒரு தட்டை மூடி வைத்துவிட்டுக் காலையில் முகருங்கள். ஆல்கஹாலும் பழமும் பறந்துபோய், கனமானவை மட்டும் மிஞ்சியிருக்கும். புகைச் சரக்கு என்றால் குளிர்ந்த சாம்பல், ஷெர்ரி பீப்பாய் என்றால் மரப்பெட்டிக்குள் வைத்த கருப்பட்டி. முந்தின இரவு சந்தேகத்தோடு எழுதிய ஒன்றை உறுதி செய்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

எழுதுவது

குறிப்பின் தலையில் எந்தப் பாட்டில் என்பதைத் துல்லியமாக எழுதுங்கள். லஃப்ரோய்க் 10 என்று மட்டும் போட்டால் போதாது. வழக்கமான பாட்டில் இருக்கிறது. அதே பெயரில் பீப்பாய் வலிமையில் தொகுதி எண்ணோடு வருவது இருக்கிறது. இரண்டும் வேறு வேறு. இது போக, வடிசாலைகளிடம் பீப்பாயை வாங்கித் தங்கள் பெயரில் அடைக்கும் கம்பெனிகள் உண்டு. எல்ஜின் நகரத்துக் கார்டன் அண்ட் மக்ஃபெயில் 1895-லிருந்து கடை நடத்துகிறது. 1983-ல் எடின்பரோவில் தொடங்கிய ஸ்காட்ச் மால்ட் விஸ்கி சொசைட்டி வடிசாலையின் பெயரையே போடாமல் எண்ணை மட்டும் போட்டு விற்கிறது. பெயரைப் பார்த்து ருசிக்காதே என்று அதற்கு அர்த்தம். ஆல்கஹால் அளவு, தொகுதி எண், பாட்டில் திறந்து எவ்வளவு நாளாயிற்று என்பவையும் வேண்டும். அன்றே திறந்த பாட்டிலும் பாதி காலியாகி மூன்று மாதம் ஆன பாட்டிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

வாசனையைப் பெரியதிலிருந்து சிறியதற்குப் போய்த் தேடுவது பழகியவர்களின் வழி. 1970-களின் கடைசியில் எடின்பரோவின் பெண்ட்லண்ட்ஸ் ஆய்வுக் கூடத்தில் இதற்காக ஒரு வாசனைச் சக்கரமே போட்டார்கள். நடுவில் பழம், பூ, மரம், புகை, தானியம் என்று பெரிய வகைகள். வெளியே போகப் போக நுணுக்கம். உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். பழமா? ஆமாம். புதிதா, உலர்ந்ததா? உலர்ந்தது. திராட்சையா, பேரீச்சையா? இரண்டாவது கேள்விக்கு மேல் பதில் வரவில்லை என்றால் உலர்பழம் என்று எழுதிவிட்டு நகருங்கள். அதுவே நல்ல குறிப்பு.

சொற்களை உங்கள் மூக்குக்குத் தெரிந்த இடத்திலிருந்து எடுங்கள். பிரிட்டிஷ்காரர் ஹெதர் பூ என்று எழுதுவது அவர் நடந்த மலைச்சரிவை வைத்து. அதைப் பார்த்தே இராத நாம் அதைக் காப்பியடித்தால் எழுதியவருக்கும் தெரியாது, படிப்பவருக்கும் தெரியாது. கருப்பட்டி, சுக்கு, சாம்பிராணி, வறுத்த பொட்டுக்கடலை, ஈரச் சாக்கு, நெல் அவிக்கும் அண்டா என்று நம்மிடம் இல்லாததா? ஐலா விஸ்கிகள் சிலவற்றில் கருவாட்டுக் கடை வாசனை பளிச்சென்று இருக்கிறது. எழுத வெட்கப்பட வேண்டாம். அதே சமயம் மண்வாசனை காட்டுகிறேன் என்று எல்லா விஸ்கியிலும் மாம்பழத்தையும் மல்லிகையையும் கொட்டுவது இன்னொரு வகைக் கதை விடுதல்.

தவிர்க்க வேண்டிய முதல் சொல் 'ஸ்மூத்'. எரியவில்லை என்பதைத் தவிர அது ஒன்றும் சொல்வதில்லை. லஃப்ரோய்க் 10 பற்றி "நல்ல புகை, ஸ்மூத், அருமையான பின்சுவை" என்று ஒருவர் எழுதினால் வாங்கலாமா வேண்டாமா என்று எனக்குத் தெரியாது. இதையே இப்படி எழுதலாம்:

"மூக்கு: கிளாஸ் முகவாய்க்கு வரும் முன்பே டிங்க்சர் அயோடின். அதற்குப் பின்னால் ஈரக் கடற்பாசி, அணைந்த விறகு. ஐந்து நிமிடம் கழித்து வெனிலா எட்டிப் பார்க்கிறது. வாய்: எதிர்பார்த்ததைவிட இனிப்பு, பிறகு உப்பும் மிளகும். 40 சதவீதம் என்பதால் நடுவில் கொஞ்சம் நீர்த்த மாதிரி. பின்சுவை: கரியும் அதிமதுரமும், நீளம். தண்ணீர் விட்டால் அயோடின் அடங்கி வெனிலா முன்னே வருகிறது, நான் விடவில்லை. ஆஸ்பத்திரி வாசனை பிடிக்காதவர்கள் கிட்டே வர வேண்டாம்."

இதில் வரிசை இருக்கிறது, நேரம் இருக்கிறது, குறை இருக்கிறது, யாருக்கு ஆகாது என்பதும் இருக்கிறது. அயோடின் பீட்டிலிருந்து, வெனிலா பர்பன் பீப்பாயிலிருந்து என்று படிப்பவர் தானே கோத்துக்கொள்ளலாம்.

மதிப்பெண் போடலாமா? நூற்றுக்கு இத்தனை என்று மால்ட்டுகளுக்கு எண் போடும் வழக்கத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் மைக்கேல் ஜாக்சன். பாடகர் அல்ல, 2007-ல் மறைந்த ஆங்கிலேய பீர், விஸ்கி எழுத்தாளர். நடைமுறையில் இன்று இணையத்தில் நூற்றுக்கு நூறு என்பது 75-க்கும் 95-க்கும் நடுவே சுருங்கிவிட்டது. 82-க்கும் 84-க்கும் என்ன வித்தியாசம் என்று போட்டவருக்கே அடுத்த வாரம் ஞாபகம் இருக்காது. தொடங்குபவர் எண்ணை விட்டுவிட்டு, இதே விலைக்கு இன்னொரு பாட்டில் வாங்குவேனா என்ற ஒரே கேள்விக்குப் பதில் எழுதினால் படிப்பவருக்கு அதிகப் பயன்.

தனியாக ஒன்றை ருசிப்பதைவிட இரண்டைப் பக்கத்தில் வைத்து ருசிப்பது சீக்கிரம் கற்றுத்தரும். எந்த அலமாரியிலும் கிடைக்கிற ஜானி வாக்கர் பிளாக் லேபிளிலிருந்தே தொடங்கலாம். அதற்குள் ஐலாவின் கோலீலா போன்ற மால்ட்டுகளின் மெல்லிய புகை, ஷெர்ரி பக்கத்து உலர்பழம், கிரெயின் விஸ்கியின் வெனிலா இனிப்பு மூன்றும் இருக்கின்றன. பிளெண்ட் என்று முகம் சுளிப்பவர்கள் இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டட்டும், அப்புறம் பேசலாம். பக்கத்தில் புகையே இல்லாத கிளென்ஃபிடிக் 12-ஐ வையுங்கள். பேரிக்காய் எது, புகை எது என்று முதல் மாலையிலேயே பிடிபடும்.

கொஞ்சம் பழகியபின் வீட்டில் யாரையாவது விட்டு, கிளாஸ்களுக்கு அடியில் எண் எழுதிய சீட்டு ஒட்டி, வேறு அறையில் ஊற்றிக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஊற்றியவர் பக்கத்தில் நிற்கக் கூடாது, முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவீர்கள். மூன்று கிளாஸ் வையுங்கள். அதில் இரண்டு ஒரே விஸ்கியாக இருக்கட்டும். வேறாக இருப்பது எது என்று சொல்ல வேண்டும். கேட்க எளிது. விலையும் வயதும் லேபிளின் மானும் கண்ணில் படாதபோது, நேற்று வரை வானளாவப் புகழ்ந்த பாட்டிலை நம்மில் பலரால் அடையாளம் காண முடிவதில்லை. தவறாகச் சொன்னதையும் தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள். எந்த வாசனையில் உங்கள் மூக்கு ஏமாறுகிறது என்பது சில மாதத்தில் புலப்படும்.

பாட்டிலை எப்போதும் நிறுத்தியே வையுங்கள். ஒயின் மாதிரி படுக்க வைத்தால் 40 சதவீத ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். வெயில் படாத அலமாரி போதும், ஃபிரிட்ஜ் தேவையில்லை. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிட்டால் உள்ளே காற்று அதிகம். புகையும் பழமும் முதலில் மங்கும். அதைச் சின்னப் பாட்டிலுக்கு மாற்றி வையுங்கள், இல்லையென்றால் நண்பர்களைக் கூப்பிட்டுச் சில மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.